நடந்து பார்க்காத வழி

புதிதாகச் சாரணர் படையை ஏற்று நடத்த வருகிறவர்களுக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை பயிற்சி முகாம் நடக்கும். அதில் எனக்கு ஒரு மணி நேரம் கொடுக்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பள்ளி ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைக்கிறவர்கள். சம்பளம் கிடையாது என்று தெரிந்தே வந்தவர்கள். கூடாரக் கயிற்றை எப்படி இழுத்துக் கட்டுவது, முதலுதவிப் பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். சொல்வேன். ஒரு மணி நேரத்தில் அவ்வளவுதான் முடிகிறது. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் செங்கல்பட்டுக்காரன் இல்லை, விருதுநகர்ப் பக்கம். கல்பாக்கத்தில் வரைபடப் பிரிவில் வேலை கிடைத்து வந்தவன். செங்கல்பட்டில் வாடகை வீடு, காலையில் ஆபீஸ் பஸ், மாலையில் ஆபீஸ் பஸ் என்று நாட்கள் போய்க்கொண்டிருந்தன. தொண்ணூறுகளின் நடுவில் என் மகன் ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். அந்த வருடம் அவன் பள்ளியில் சாரணர் படையை நடத்திவந்த ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர், "உங்கள்ல யாராவது வந்தா படை நிக்காது" என்றார். கூட்டம் தரையைப் பார்த்தது. நான் கையைத் தூக்கினேன். மகனோடு சேர்ந்து இருக்கலாம் என்று ஓர் ஆசை. சிறுவயதில் காக்கி உடையும் கழுத்து ஸ்கார்ஃபுமாகப் போன பையன்களை வேலிக்கு வெளியே நின்று பார்த்த ஞாபகமும் இருந்திருக்கலாம்.

எனக்குத் துணையாக இன்னொருவர் வந்தார். தபால் ஆபீஸில் எழுத்தர், கல்யாணம் ஆகாதவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். பையன்கள் எங்கள் இருவரையும் 'பெரிய சார்', 'சின்ன சார்' என்றார்கள்.

முதல் பாடம் இரண்டாவது மாதமே கிடைத்தது. வெயிலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தபோது ஒரு பையன் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு விழுந்தான். நான் ஓடிப்போய், எல்லோரும் செய்வதுபோல அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தேன். மூன்றாவது வரிசையில் நின்ற அவன் தம்பி வந்து என்னைத் தள்ளிவிட்டு, அண்ணனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்துவிட்டான். பதினோரு வயதுகூட இருக்காது. அழைத்துவரப்பட்ட அம்மாவிடம், ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"நீங்க யாரும் கேக்கலயே சார். கேட்டா சொல்லியிருப்போம்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு ஒரு தடித்த நோட்டு வாங்கினேன். ஒரு பையனுக்கு ஒரு பக்கம். இழுப்பு உண்டா, வலிப்பு உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, நீச்சல் தெரியுமா, வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும், எந்தப் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தால் வந்து சொல்வார்கள். பெற்றோர் எதிரே உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். தாளைக் கொடுத்து அனுப்பினால் பாதிப் பேர் எல்லாவற்றிலும் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நேரில் கேட்க வேண்டும். இதை இன்றும் முகாமில் சொல்கிறேன்.

அடுத்த வருடம் திருவிடந்தையில் கடலோரச் சவுக்குத் தோப்பில் மூன்று நாள் முகாம் போட்டோம். இருபத்திரண்டு பையன்கள். கடலை நினைத்து ஒரு வாரம் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. ஒரு நாள் முன்னதாகவே தனியாகப் போய்க் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம் பேசினேன்.

"அலை சின்னதா கீதேன்னு எறங்கிடாத சார். இங்க மேல ஒண்ணும் தெரியாது, அடியில வாரிகினு போய்டும். முட்டிக்கு மேல தண்ணி வரக்கூடாது, சொல்ட்டேன்" என்றார்.

அவரையே மூன்று நாளும் காலையில் வந்து நிற்கச் சொன்னேன். கரையில் கயிறு கட்டினோம். இரண்டிரண்டு பேராகக் கைகோத்துத்தான் இறங்க வேண்டும். விசில் ஊதினால் ஜோடியின் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஊதி எண்ணினேன். பதினோரு ஜோடி. ஒவ்வொரு முறையும் பதினோரு ஜோடி. பிள்ளைகள் கறுத்துப்போய், மூக்குத் தோல் உரிந்து, சந்தோஷமாக வீடு திரும்பினார்கள். பெற்றோர் என்னைப் புகழ்ந்தார்கள். எனக்கும் ஒரு நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் புதிதாக வருகிறவர்களை எச்சரிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பயந்த இடத்தில் ஜாக்கிரதையாக இருந்தேன். பயம் இல்லாத இடத்தில் என்ன செய்தேன் என்பதை இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வருடம், பொங்கல் கழிந்த சனிக்கிழமை ஒரு நடைப்பயணம் ஏற்பாடு செய்தேன். வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு பையன்கள் தாங்களாகவே வழி கண்டுபிடித்து எட்டுக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். அடுத்த நிலைத் தேர்வுக்கு அது கட்டாயம். அதில் பெரியவர்கள் கூடவே நடப்பதில்லை. அணித் தலைவன் நடத்திப்போவான். திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு கிராமத்து நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, குன்றுகளுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு சாலையில் ஏற்றிக்கொள்வதாகத் திட்டம். நடுவில் ஒரு பிள்ளையார் கோயிலில் சின்ன சார் நிற்பார். முடியும் இடத்தில் டீக்கடையில் நான் நிற்பேன்.

வரைவதுதான் என் தொழில். பழைய சர்வே வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு, வழியை அழகாக, அளவெடுத்து, இரண்டு பிரதி வரைந்தேன்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வழியைப் பார்த்துவரக் கிளம்பினேன். மகனை மொபெட்டின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டேன். பிள்ளையார் கோயில்வரை தார்ச்சாலை. அதற்கு மேல் வண்டிப்பாதை. மழைக்காலத்துச் சேறு இன்னும் காயவில்லை. சக்கரம் ஒரு சாண் இறங்கியது. வண்டியை நிறுத்திவிட்டு நடக்கத்தான் வேண்டும், நாலு கிலோமீட்டர். அன்று டி.வி.யில் கிரிக்கெட் மேட்ச். "அப்பா, ரெண்டரைக்கு ஆரம்பிச்சுரும்" என்றான் மகன். நானும் வாட்சைப் பார்த்தேன். வரைபடத்தில் அந்த நாலு கிலோமீட்டரும் கரம்பு நிலம், ஒரு ஒற்றையடிப்பாதை. அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று வண்டியைத் திருப்பினேன்.

வரைபடம் அச்சான காலத்துக்குப் பிறகு அங்கே கல்குவாரி வந்திருந்தது. வந்து, வெட்டி எடுத்து முடித்து, விட்டுவிட்டும் போயிருந்தார்கள். அந்தப் பள்ளத்தில் இரண்டு மழைக்காலத்துத் தண்ணீர் நின்றது. ஒற்றையடிப்பாதை நேராக அதன் விளிம்புக்குப் போனது.

முதல் அணியில் போன ஒரு பையனைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பு, பன்னிரண்டு வயது. அப்பா மின்வாரியத்தில் லைன் வேலை. கருங்குழிப் பக்கத்துக் கிராமம் அவர்களுக்கு. இரண்டு தலைமுறைக்கு முன்னால்வரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்ற குடும்பம். அந்த வீட்டில் அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அந்த அப்பாதான். பையனின் படிப்புக்காகச் செங்கல்பட்டில் ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள வீட்டுக்குக் குடிவந்திருந்தார்கள். பையன் மிகவும் சுத்தக்காரன். கான்வாஸ் ஷூவைத் தானே தோய்த்து, சாக்பீஸ் தேய்த்து வெள்ளையாக்கிக்கொண்டு வருவான். திசைகாட்டி சொல்லிக்கொடுத்த அன்று எல்லோரும் போன பிறகு நின்று, "சார், வடக்கு எங்க போனாலும் வடக்குலதான் கீதா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "வடக்குக்கே போய்ட்டா?" என்றான். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். நோட்டில் அவன் பக்கத்தில், நீச்சல்: தெரியாது என்று இருந்தது.

அவனுடைய அணித் தலைவன் பத்தாம் வகுப்பு. பதினைந்து வயதுக்கு நல்ல வளர்த்தி. படையிலேயே பொறுப்பானவன் என்று நான் அவனைத்தான் முதல் அணிக்குப் போட்டேன். என் மகன் இரண்டாவது அணி. அரை மணி நேர இடைவெளியில் இரண்டையும் அனுப்பினோம்.

டீக்கடையில் நான் பதினொன்றரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டரைக்கு ஒரு ஆள் சைக்கிளில் வேகமாக வந்தார். வேட்டி முழுக்க நனைந்திருந்தது.

"யாருப்பா இங்க பசங்களோட சாரு? குட்டையில ஒரு புள்ள வுழுந்துட்டான்! வா சீக்கிரம்!"

நான் எழுந்தேன். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தைகளை மாற்றாமல் எழுதுகிறேன்.

"கண்ணாடி போட்ட பையனா?"

என் மகன் கண்ணாடி போட்டவன்.

"கண்ணாடிலாம் இல்ல சார். சின்னப் பையன், ஒல்லியா" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. அந்த ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது, கொஞ்ச தூரத்தில் வேறொரு குவாரியில் வேலை செய்தவர்கள் அவனை மேலே எடுத்துப் போட்டிருந்தார்கள். எல்லாம் வெட்டிய பாறை. கால் வைக்கச் சரிவே இல்லை. தண்ணீர் அசையாமல் பச்சையாகக் கிடந்தது. அணித் தலைவனும் முழுக்க நனைந்து, முழங்கை இரண்டும் கிழிந்து, பாறையில் சாய்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். ஆறு ஸ்கார்ஃபை ஒன்றோடொன்று முடிந்து எறிந்திருக்கிறான், நாங்கள் சொல்லிக்கொடுத்தபடியே. எட்டவில்லை. பிறகு குதித்திருக்கிறான். அவனுக்கும் நீச்சல் அரைகுறைதான். அவனையும் அந்தத் தொழிலாளர்கள்தான் இழுத்துப் போட்டார்கள்.

நடந்தது சிறிய விஷயம். சேற்றில் நடந்து வந்து எல்லோர் ஷூவும் கனத்துப்போயிருந்தது. அணித் தலைவன், "அஞ்சு நிமிஷம் நில்லுங்கடா" என்று சொல்லிவிட்டு வரைபடத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறான். அதில் இல்லாத தண்ணீர் எதிரில் இருந்ததால் வழி தப்பிவிட்டோமோ என்று அவனுக்குச் சந்தேகம். அந்த ஐந்து நிமிடத்தில் அந்தச் சுத்தக்காரப் பையன் விளிம்பில் மண்டியிட்டு ஷூவைக் கழுவப் போயிருக்கிறான்.

செயற்கைச் சுவாசம் கொடுத்தேன். அதுவும் நான் வகுப்பெடுத்த விஷயம்தான். ஜல்லி ஏற்றப் போன லாரியில் ஆஸ்பத்திரிவரை என் மடியில் வைத்துக்கொண்டு விடாமல் கொடுத்தேன். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை நிறுத்தச் சொன்னார்.

அவன் அப்பா கம்பத்தில் ஏறியிருந்த இடத்திலிருந்து நேராக வந்தார். இடுப்பில் பெல்ட்டும் கட்டிங் பிளேயரும் இருந்தன. மகனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அழவில்லை.

"ஒரு ஷூதான் கீது. இன்னொண்ணு எங்க சார்?" என்றார்.

தேடச் சொல்கிறேன் என்றேன்.

அடுத்த நாள் கருங்குழிப் பக்கத்தில் அவர்கள் ஊர்க் கல்லறையில் அடக்கம். போதகர் ஜெபித்தார். படையிலிருந்து பதினெட்டுப் பையன்கள் சீருடையில் வந்திருந்தார்கள். அம்மாவை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அணித் தலைவன் கூட்டத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றான். யாரும் அவன் பக்கத்தில் நிற்கவில்லை. நானும் போய் நிற்கவில்லை.

திங்கட்கிழமை விசாரணை. தலைமையாசிரியர் அறையில் அவரும், மாவட்டச் சாரணர் அலுவலகத்திலிருந்து ஒருவரும், ஒரு போலீஸ் அதிகாரியும் இருந்தார்கள். என்னையும் சின்ன சாரையும் உட்காரச் சொன்னார்கள்.

"முன்கூட்டியே வழியைப் பார்த்தீங்கல்ல?" என்றார் தலைமையாசிரியர். கேள்வியிலேயே பதில் இருந்தது. அவருக்கும் அந்தப் பதில்தான் தேவைப்பட்டது.

"பார்த்தேன் சார்" என்றேன்.

அது முழுப் பொய்யும் இல்லை. பாதி வழி பார்த்திருந்தேன். அப்படித்தான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அப்ப குவாரி இருக்கறது தெரியுமா?"

"பாதையில இருந்து விலகி இருக்கும்னு..." என்று இழுத்தேன். போலீஸ் அதிகாரி எழுதிக்கொண்டார். சின்ன சார் என் முகத்தைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். பிள்ளையார் கோயிலுக்கு மேல் நான் போகவில்லை என்று வெள்ளிக்கிழமை அவரிடம் நானே சொல்லியிருந்தேன்.

அடுத்து அணித் தலைவனைக் கூப்பிட்டார்கள். முழங்கையில் கட்டோடு நின்றான்.

"அங்க நிக்கச் சொன்னது யாரு?" என்றார் போலீஸ் அதிகாரி.

"நான்தான் சார்."

"சாரைக் கேட்டியா?"

"சாரு அங்க இல்ல சார்."

"தண்ணிகிட்ட ஏன் நிப்பாட்டுன?"

"மேப்புல தண்ணி இல்ல சார். வழி தப்பிட்டமோன்னு பாத்துகினு இருந்தேன். அதுக்குள்ள..."

மேப்பில் தண்ணீர் இல்லை என்று அவன் சொன்னபோது மூன்று பேரில் ஒருவராவது என் பக்கம் திரும்புவார் என்று காத்திருந்தேன். யாரும் திரும்பவில்லை. பதினைந்து வயதுப் பையன் சாக்குச் சொல்கிறான் என்று நினைத்திருக்கலாம். மூன்று பக்க அறிக்கை தயாரானது. அணித் தலைவன் அனுமதியின்றி ஆபத்தான இடத்தில் அணியை நிறுத்தியதே காரணம் என்று அதில் இருந்தது. நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வாரம் ஒரு நாள் சாப்பிடும்போது என் மகன், "அப்பா, அந்த வழி நாம போகவே இல்லையே" என்றான்.

"சாப்பிடு" என்றேன்.

சாப்பிட்டான். அதைப் பற்றி அதற்கப்புறம் அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம் எதையுமே அதிகம் கேட்பதை விட்டுவிட்டான்.

படை கலைந்தது. சின்ன சார் திண்டிவனத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார், போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. அணித் தலைவனைப் பள்ளியில் பையன்கள் என்னென்னவோ சொல்லிக் கூப்பிட்டதாகக் கேள்விப்பட்டேன். பொதுத் தேர்வில் தவறிவிட்டான். அதற்கு மேல் பள்ளிக்கு வரவில்லை. நான் குடும்பத்தோடு கல்பாக்கம் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனேன். மனைவியிடம் ஆபீஸ் பக்கம் என்று காரணம் சொன்னேன்.

ஏழெட்டு வருடம் அப்படியே போயிற்று. மகன் காலேஜ் முடித்து, சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து, கேளம்பாக்கத்தில் நண்பர்களோடு ஃபிளாட் எடுத்துத் தங்கியிருந்தான். அவனைப் பார்த்துவிட்டு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேளம்பாக்கம் முனையில் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். டிரைவர் கண்ணாடியில் என்னைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லோரும் இறங்கிய பிறகு வண்டியை ஓரம் கட்டித் திரும்பி உட்கார்ந்தார்.

"சார், தெரியலயா?"

முகம் தெரியவில்லை. முழங்கையில் இருந்த தழும்பு தெரிந்தது.

இடது கையை நீட்டினான். சாரணர்கள் இடது கையால்தான் கைகுலுக்குவது. நானும் கொடுத்தேன்.

"நல்லா கீறீங்களா சார்? வூட்ல எல்லாம்? தம்பி இன்னா பண்றான்?" என்று கேட்டான். மகன் அருகிலேயே வேலை பார்க்கிறான் என்றேன். "நல்லா இருக்கட்டும் சார்" என்றான். மனதிலிருந்துதான் சொன்னான். எனக்கு அது தாங்கவில்லை.

பக்கத்துக் கடையில் டீ வாங்கி வந்தான். குடித்துக்கொண்டே அவனாகத்தான் ஆரம்பித்தான்.

"ஜனவரி வந்தா அவங்க வூட்டுக்குப் போவேன் சார். வருசா வருசம். இப்ப ஊர்லயே வூடு கட்டிட்டாங்க, கருங்குழிகிட்ட. அம்மா கதவத் தொறப்பாங்க. அவங்க அப்பா பேசமாட்டாரு. நான் வாசல்ல கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துடுவேன்."

"எதுக்குப்பா போற?"

"நான்தான சார் நிக்கச் சொன்னேன்."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, மொபெட், சேறு, மேட்ச், வாட்சைப் பார்த்தது, தலைமையாசிரியர் அறையில் சொன்னது என்று எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டான். சத்தம் போடுவான், அடிப்பான் என்றுகூட நினைத்தேன்.

"மேப்பு தப்புன்னு நான் அன்னிக்கே சொன்னேன் சார். ஒர்த்தரும் கேக்கல. அப்பால எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நாம சரியா பாக்கலயோன்னு. எத்தினி வாட்டி அந்த மேப்ப மனசுலயே பிரிச்சுப் பிரிச்சுப் பாத்துருப்பேன் தெரியுமா?" என்றான். டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டே, "இத என்கிட்ட சொல்லி இன்னா சார் பிரயோஜனம்? அவருகிட்ட வந்து சொல்லுங்க" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஆட்டோவிலேயே போனோம். செங்கல்பட்டு தாண்டிக் கருங்குழிவரை அவனே ஓட்டினான்.

இறந்த பையனின் அப்பா வேலையிலிருந்து ஓய்வுபெற்றிருந்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். ஆட்டோவில் அவனிடம் சொன்னபோது வந்த வார்த்தைகள் இங்கே வரவில்லை. நடுவில் இரண்டு முறை நிறுத்தி மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது. கதவுக்குப் பின்னால் அம்மா நின்று கேட்பது தெரிந்தது.

"நீங்க பாத்திருந்தா அந்த வழில வுட்டுருக்க மாட்டீங்க" என்றார் அவர்.

"மாட்டேன்."

"இத்தினி வருசம் தெரிஞ்சே கம்முனு இருந்தீங்க."

"ஆமா."

"இந்தப் பையன் வருசா வருசம் வந்து நிக்கறான். நான் மூஞ்சி குடுத்துக்கூடப் பேசல. எம்புள்ளயக் கொன்னவன்னு நெனச்சுகினு இருந்தேன். அவனும் அப்ப ஒரு புள்ளதான சார்?"

அவர் எழுந்து, கொஞ்சம் தள்ளி நின்ற அவனைப் பார்த்தார்.

"நீ உள்ள வாப்பா" என்றார்.

அவன் என்னைப் பார்த்தான். போ என்று தலையசைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். அப்பா வாசற்படியில் நின்று, "நீங்க கெளம்புங்க சார்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. உள்ளே அம்மா வாய்விட்டு அழுகிற சத்தம் கேட்டது. நான் நெடுஞ்சாலைவரை நடந்து, வந்த பஸ்ஸில் ஏறினேன்.

மாவட்ட அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் நடந்ததை முழுதாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பழைய கோப்பு கிடைக்கவில்லை என்று பள்ளியிலிருந்து வாயால் சொன்னார்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து பதிலே வரவில்லை. மறுபடியும் எழுதினேன். பிறகு நேரில் போய், மாவட்ட அலுவலகத்தில் புதிதாக வந்திருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்தான் என்னைப் பயிற்சி முகாமுக்கு வரச் சொன்னார். படையை நடத்த இனி எனக்கு அனுமதி கொடுக்க வேண்டாம் என்று அவரிடம் நானே கேட்டுக்கொண்டேன்.

ஆகவே, படை நடத்த வருகிறவர்களே, நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். வழியை முழுதும் உங்கள் காலால் நடந்து பாருங்கள். அந்த வாரத்திலேயே, பிள்ளைகள் போகப்போகும் அதே நேரத்தில். பாதியில் திரும்ப நேர்ந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பிள்ளைகளுக்கு அதிகபட்சம் ஒரு நாள் வருத்தம் இருக்கும். குளம், கிணறு, குட்டை என்று எங்கே தண்ணீர் இருக்கிறது என்று அந்த ஊர் ஆடு மேய்க்கிறவர்களைக் கேளுங்கள். எந்தச் சர்வேயிலும் இல்லாதது அவர்களுக்குத் தெரியும். நீச்சல் தெரியாத பையன் யார் யார் என்பது உங்கள் நோட்டில் மட்டும் இருந்தால் போதாது, அணித் தலைவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். என் நோட்டு அன்று என் பையில், டீக்கடையில் இருந்தது. அணித் தலைவன் என்று பட்டை குத்திவிடுவதால் ஒரு பிள்ளை பெரியவனாகிவிடுவதில்லை. அவன் கையில் வழியைக் கொடுக்கலாம், தவறு நடந்தால் பழியைக் கொடுக்கக் கூடாது. தவறு உங்களுடையது என்றால் அன்றைக்கே, அந்த அறையிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த நாள் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டம். எனக்கு எட்டு வருடம் ஆயிற்று.

மகனிடம் போனில் சொன்னேன், அந்தப் பையனின் அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன் என்று. "சரிப்பா" என்றான். கொஞ்சம் கழித்து, "அவரு என்ன சொன்னாரு?" என்றான். சொன்னேன்.

அந்த வீட்டுக்கு நான் மறுபடி போகவில்லை. ஆட்டோ ஓட்டுகிறவன் போகிறான். போன ஜனவரியில் கேளம்பாக்கத்தில் பார்த்தபோது, உள்ளே உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள் என்றான். பையனின் அப்பா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று கேட்க வாயெடுத்தேன். வண்டியில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவன் கிளம்பிவிட்டான்.